தி. நகரில் கடை, தேரியில் நிலம்

சென்னை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் மாலை ஆறு மணிக்குக் கால் வைக்க இடம் இருக்காது. பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, மளிகைக் கடை என்று வரிசையாக நிற்கும் கடைகளில் சேலையை விரித்துக் காட்டும் பையன்களிடமும், கல்லாவில் இருப்பவர்களிடமும் சொந்த ஊர் எது என்று விசாரித்தால், திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம், நாசரேத், திசையன்விளை என்ற பெயர்களே திரும்பத் திரும்ப வரும். ஊரில் நிலம் உண்டா என்று கேட்டால், “உண்டு. தேரிக் காடு. அதுல என்ன கெடக்கு?” என்று பதில் வரும்.

தேரிக் காட்டில் என்னதான் கிடக்கிறது? நிலத்தை வைத்துக்கொள்வதா, வந்த விலைக்கு விற்றுவிடுவதா என்று யோசிக்கிற குடும்பங்கள் பல இருப்பதால் இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டியது அவசியமாகிறது. தேரியில் நிலம் இல்லாத விவசாயிகளுக்கும் இதில் பாடம் உண்டு. மேட்டு நிலம், மணல் நிலம், தரிசு என்று ஒதுக்கப்பட்ட பூமி தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது.

சிவப்பு மணல் கடல்

சென்னையிலிருந்து ஏறக்குறைய 650 கி.மீ. தெற்கே இருக்கிறது தேரி. எழும்பூரில் செந்தூர் ரயிலில் ஏறினால் மறுநாள் காலையில் திருச்செந்தூர். அங்கிருந்து தெற்கும் மேற்குமாகச் சிறிது தூரம் போனால் மண்ணின் நிறம் மாறிவிடும். கண்ணுக்கெட்டிய வரை செங்கல் பொடியைக் கொட்டிப் பரப்பியது போன்ற மணல் மேடுகள். நடுநடுவே பனை, குடை விரித்தாற்போல் தலை பரப்பிய உடை மரம், முந்திரி. வீடு இல்லை, கிணறு இல்லை, மைல் கணக்கில் நடந்தாலும் ஆள் எதிர்ப்படுவது அபூர்வம்.

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் இத்தகைய தேரி நிலம் சுமார் 50,000 ஏக்கர் இருக்கிறது. குதிரைமொழித் தேரி, சாயர்புரம் தேரி, இட்டமொழித் தேரி என்று ஊரை ஒட்டிப் பெயர். இவற்றில் குதிரைமொழித் தேரி மட்டும் சுமார் 12,000 ஏக்கர். அதன் நடுப்பகுதி வனத்துறைக் காப்புக் காடு. தேரிகளின் ஓரங்களில்தான் குடியானவர்களின் பட்டா நிலங்கள் இருக்கின்றன.

பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் காற்று கொண்டுவந்து குவித்த மணல் இது. மணலின் மேல் இரும்புச் சத்து துரு போலப் படிந்திருப்பதால் இந்தச் சிவப்பு. ஆள் வாழ முடியாத இடம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாயர்புரம் முதலிய தேரிகளில் கற்கால மனிதர் செய்த சிறு கல் கருவிகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. 1956-ல் சாய்னர், ஆல்ச்சின் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். உழவு தெரியாத காலத்திலேயே மனிதன் இங்கே பிழைத்திருக்கிறான். தண்ணீர் இல்லாமல் பிழைத்திருக்க முடியுமா?

மணலுக்கு அடியில் தண்ணீர்

தேரியின் முதல் விசேஷம் அதன் தண்ணீர். இந்தப் பக்கம் ஆண்டு மழை சராசரி சுமார் 650 மி.மீ.தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். களிமண் பூமியில் பெய்த மழை ஓடைக்கு ஓடிவிடும். தேரியில் விழுந்த மழை அங்கேயே இறங்கிவிடும். மேலே காய்ந்த மணல் கிடக்க, அடியில் ஈரம் காக்கப்படுகிறது. மேலப்புதுக்குடி அருகே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் இந்த வறண்ட காட்டின் நடுவே சுனை இருப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் அதிசயிக்கிறார்கள். தேரி மேடுகளுக்கு இடையிலும் ஓரத்திலும் மழைக்குப் பின் நீர் தேங்கும் பள்ளங்களைத் ‘தருவை’ என்பார்கள். புத்தன்தருவை என்ற ஊரின் பெயரே இதனால் வந்ததுதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய் மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 946 மி.மீ. பதிவானது. ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிகம் ஒரே நாளில்! திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், ஏறக்குறைய 800 பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே தவித்தார்கள். அத்தகைய மழையை ஓடவிடாமல் வாங்கிக்கொள்ளும் மணல் மேடு ஒவ்வொன்றும், சுற்றியுள்ள கிணறுகளுக்கு ஒரு சேமிப்புத் தொட்டி.

கடல் அருகில் இருப்பதால் இந்தத் தொட்டிக்கு மதிப்பு பல மடங்கு. எண்ணெய் தண்ணீரில் மிதப்பது போல, கடலோரத்தில் நிலத்தடி நன்னீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே 1 அடி குறைந்தால், கீழே உப்பு 40 அடி ஏறிவிடும். உடன்குடி வட்டாரத்தில் பல கிணறுகள் உப்பாகிப் போனதற்கு இதுவே முக்கிய காரணம். ஆழ்குழாயை இன்னும் ஆழமாக இறக்கினால் நல்ல தண்ணீர் வரும் என்று எண்ணுவது இங்கே பலிக்காது. ஆழத்தில் இருப்பது உப்பு.

நடக்கும் மணல்

இரண்டாவது விசேஷம் காற்று. வைகாசிக் கடைசியில் தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து கிழக்கு நோக்கி வீசும். ஆடியில் அதன் வேகம் சொல்லி முடியாது. முப்பந்தல் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இதே காற்றுதான். மரம் இல்லாத தேரியில் இந்தக் காற்று மணலை வாரிக் கிழக்கே கொட்டும். நேற்று இருந்த மேடு இன்று தள்ளி நிற்கும். பழகியவர்களுக்கே வழி தவறும். கிழக்கே இருக்கும் தோட்டத்திலும் கிணற்றிலும் மணல் மூடும்.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலேயே மணலைப் பிடித்து நிறுத்த மரம் நடும் வேலை தொடங்கிவிட்டது. இன்று தேரியில் பெரும்பகுதி மணல் நகராமல் இருப்பதற்குக் காரணம் பனையும், உடையும், முந்திரியும்தான். தரிசு என்று நினைத்து ஒருவர் தன் நிலத்தைப் பொக்லைன் வைத்து மொட்டையடித்தால், அவருடைய மண் அடுத்தவர் தோட்டத்துக்குப் போகும். அடுத்த ஆண்டு மேற்கு நிலத்துக்காரர் மொட்டையடித்தால், அந்த மண் இவர் தலையில் விழும்.

பனை இருந்த காலம்

இந்த வட்டாரத்தைப் பிழைக்க வைத்தது பனை. ஒரு காலத்தில் குலசேகரன்பட்டினத்தில் கருப்பட்டியிலிருந்து சீனி எடுக்கும் ஆலை நடந்தது. சென்னையில் தலைமையகம் வைத்திருந்த பாரி கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்த ஆலை அது. ஆலைக்காகவே திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், திசையன்விளை ஊர்களை இணைத்துச் சிறு ரயில் பாதை போட்டார்கள். 1940-ல் அந்த ரயில் நின்றுபோனது. பனங்காட்டுக்கு ஒரு ரயில் ஓடியது என்றால் இளைஞர்கள் இப்போது நம்ப மாட்டார்கள்.

பிறகு ஆலை போயிற்று, ஆளும் போனார்கள். பனையேறி ஒருவர் முப்பது, நாற்பது மரத்தைக் காலையும் மாலையுமாக ஏறி இறங்க வேண்டும். மார்பிலும் காலிலும் தழும்பு. பாளை சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டி, இறக்கிய பதனீரை விடிலியில் மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய 8 லிட்டர் பதனீர் வேண்டும். வீட்டுப் பெண்கள் அடுப்புப் புகையில் வெந்தார்கள். இத்தனைக்கும் பருவம் மாசி, பங்குனி முதல் ஆடி வரைதான். தன் பிள்ளையும் பனை ஏறட்டும் என்று எந்தத் தகப்பனும் விரும்பவில்லை. பிள்ளைகள் படித்தார்கள்; கடைக்குப் போனார்கள்; தி. நகர் வந்தார்கள். இதில் தவறு காண ஒன்றுமில்லை.

ஆனால் பனை ஏறாவிட்டால் மரத்துக்கு மதிப்பில்லை என்று செங்கல் சூளைக்கு வெட்டி விற்றதுதான் தவறாகப் போயிற்று. பனை 1978-ல் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது. 2021-ல் மாநில அரசு பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்தபோது, மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றும் அறிவித்தது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

விற்பதா, வைத்துக்கொள்வதா?

இப்போது தேரிப் பக்கத்து நிலத்தைக் கேட்டு ஆள் வருகிறார்கள். 2007-ல் சாத்தான்குளம் வட்டாரத்தில் மணலிலிருந்து டைட்டானியம் எடுக்கும் ஆலைக்காக மாநில அரசும் டாடா ஸ்டீல் நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. நிலம் தர மாட்டோம் என்று விவசாயிகள் பலர் எதிர்த்தார்கள், திட்டம் நடக்கவில்லை. 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கு 2,000 ஏக்கருக்கு மேல் நிலம். தாமிரபரணியின் வெள்ள உபரி நீரைக் கருமேனியாறு, நம்பியாறு பக்கம் திருப்பும் கால்வாய் 2009-ல் தொடங்கி, 2025-ல் திறக்கப்பட்டது. அது சென்று சேரும் இடத்துக்கே எம்.எல்.தேரி என்று பெயர். தண்ணீரும் தொழிலும் வருகிறது என்ற பேச்சு எழுந்தால் தரகரும் வருவது வழக்கம்.

ஊரில் இருக்கும் அண்ணனுக்கும் தி. நகரில் இருக்கும் தம்பிக்கும் இப்படிப் பேச்சு நடப்பது உண்டு:

“தம்பி, மேலத் தேரி நெலத்தக் கேட்டு ஆள் வந்திருக்கு.”

“குடுத்திரலாம்ணே. சும்மாதானே கெடக்கு.”

“சும்மா கெடக்குன்னு நீ சொல்லுத. நம்ம வீட்டுக் கெணத்துத் தண்ணி இன்னும் இனிக்கே, அது எதனாலன்னு நெனைக்க?”

அண்ணன் கேட்பது நியாயமான கேள்வி. தேரி நிலத்தின் வருமானத்தைக் கணக்கிடும்போது கருப்பட்டி, முந்திரி, முருங்கை விலையை மட்டும் போட்டால் கணக்கு குறைவாகத்தான் வரும். கீழே இருக்கும் தண்ணீரையும், நகராமல் நிற்கும் மணலையும் சேர்த்துப் போட வேண்டும். தி. நகரையே எடுத்துக்கொள்ளலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் அது மாம்பலம் கிராமமும், லாங் டேங்க் என்று ஆங்கிலேயர் அழைத்த பெரிய ஏரியுமாக இருந்தது. 1920-களில் ஏரியைத் தூர்த்து மனை போட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் இருக்கிறது. பார்க்க ஏரிதான் இல்லை. மழை பெய்தால் தெருவில் தண்ணீர், கோடை வந்தால் லாரியில் தண்ணீர் என்ற நிலையைத் தி. நகர்க்காரர்கள் நன்கு அறிவார்கள்.

பணமுடையால் விற்பவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சும்மா கிடக்கிறதே என்பதற்காக மட்டும் விற்பவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். அதிக ஆள் வேண்டாத, அதிகத் தண்ணீர் கேட்காத வழிகள் இருக்கின்றன.

செய்ய வேண்டியவை

முதலில் மேற்கு ஓரம். காற்று மேற்கிலிருந்து வருவதால், நிலத்தின் மேற்கு எல்லையில் வடக்குத் தெற்காக இரண்டு மூன்று வரிசை பனை ஊன்ற வேண்டும். ஆவணி, புரட்டாசியில் விழும் பனம்பழக் கொட்டைகளைப் பொறுக்கி, நிழலில் சில நாள் வைத்து, 10 அடிக்கு ஒன்றாக ஒரு அடிக் குழியில் ஊன்றினால் ஐப்பசி மழையில் பிடித்துக்கொள்ளும். வேர் முதலில் நேராகக் கீழே இறங்கும். இலை வெளியே தெரிய மாதக் கணக்கில் ஆகும். முளைக்கவில்லை என்று தோண்டிப் பார்த்துவிடக் கூடாது. பனை பலன் தர 12 முதல் 15 ஆண்டு ஆகும் என்பது உண்மை. மணலைப் பிடிக்கும் வேலையை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். இருக்கும் உடை மரங்களை வெட்டாமல் விட வேண்டும். ஆட்டுக்குத் தீனி, அடுப்புக்கு விறகு இரண்டும் அதில் உண்டு.

அடுத்து முந்திரி. ஒட்டுக் கன்றுகளை 7 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 80 கன்று பிடிக்கும். ஒன்றரை அடிக் குழி எடுத்து, 10 கிலோ தொழு உரத்துடன் குளத்துக் கரம்பை மண் இரண்டு சட்டி கலந்து நிரப்ப வேண்டும். கரம்பை இல்லாமல் வெறும் மணலில் நட்டால் ஊற்றிய தண்ணீர் வேரில் நிற்காது. மழைக் காலத் தொடக்கத்தில் நடுவது நல்லது. முதல் இரண்டு கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் அவசியம். வேர் அருகே மண் பானையைப் புதைத்து அதில் நிரப்பினால் வீணாகாது. மேற்குப் புறம் பனை ஓலைத் தட்டி கட்டினால் ஆடிக் காற்றில் கன்று சாயாது. முதல் இரண்டு ஆண்டு பூவைக் கிள்ளிவிட்டு, மூன்றாம் ஆண்டிலிருந்து காய்க்க விடலாம்.

தண்ணீர் வசதி உள்ள சமதளமான தேரி ஓரத்தில் முருங்கை நன்றாக வரும். சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்து முருங்கைக்காய்க்கு ஏற்கனவே நல்ல பெயர். விதை முருங்கையான பி.கே.எம்.1 ரகத்தை இரண்டரை மீட்டர் இடைவெளியில் ஊன்றி, செடி இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் அதிகம் வரும். ஆறாம் மாதத்திலிருந்து காய் பறிக்கலாம்.

இத்தகைய சமதள மணல் நிலத்தில் நீர் நிற்க வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு எளிய முறையைச் சிபாரிசு செய்கிறது. நல்ல மழை பெய்து 24 மணி நேரம் கழித்து, 400 கிலோ எடையுள்ள கல் உருளையை, அல்லது கல் நிரப்பிய காலித் தார் டிரம்மை, நிலத்தில் எட்டு முதல் பத்து முறை உருட்ட வேண்டும். மண் இறுகி, நீரும் உரமும் உடனே கீழே ஓடுவது குறையும். அதன் பின் மேலாக மட்டும் உழுது விதைக்கலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். இது வயலுக்குச் சொன்ன முறை. மணல் மேட்டில் இதைச் செய்யக் கூடாது. மேட்டின் வேலை மழையை உள்ளே விடுவது. சந்தேகம் உள்ளவர்கள் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கிணறு விஷயத்தில் கண்டிப்பு தேவை. கடலை ஒட்டிய நிலத்தில் ஆழ்குழாய் வேண்டாம். மேலாக உள்ள கிணற்றில் சிறு மோட்டார் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு இறைக்க வேண்டும். சொட்டு நீர் போட்டால் இன்னும் நல்லது. தண்ணீரில் கரிப்பு தட்டினால் உடனே இறைப்பைக் குறைத்து, உப்பின் அளவைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.

சென்னையில் இருப்பவர் செய்யக்கூடியது

நிலத்தை நேரில் கவனிக்க முடியாதவர்கள் ஊரில் உள்ளவரிடம் பாட்டத்துக்கோ வாரத்துக்கோ விடலாம். ஆனால் எத்தனை மரம், எத்தனை ஆண்டு, மரம் வெட்டக் கூடாது, புதிதாக எத்தனை கன்று வைக்க வேண்டும் என்பதைக் காகிதத்தில் எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. பட்டா பெயர் மாற்றம், எல்லைக்கல் இரண்டையும் திருவிழாவுக்கு ஊர் வரும்போது சரி பார்த்துவிட வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத நிலத்தில் எல்லைத் தகராறு சீக்கிரம் வரும்.

இன்னொரு வேலையும் அவர்களால்தான் முடியும். நல்ல பனை ஒன்று ஒரு பருவத்தில் 100 லிட்டருக்கு மேல் பதனீர் தரும். அதாவது 12 கிலோவுக்குக் குறையாமல் கருப்பட்டி. ஆனால் சீனி கலந்த கருப்பட்டி மலிவாகச் சந்தைக்கு வருவதால், சுத்தமாகக் காய்ச்சுகிறவருக்கு உரிய விலை கிடைப்பதில்லை. மயிலாப்பூர் தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள நாட்டு மருந்துக் கடைகளிலும், அடையாறு மளிகைக் கடைகளிலும் நல்ல கருப்பட்டியும் பனங்கற்கண்டும் தேடி வாங்கும் மக்கள் இருக்கிறார்கள். கடையும் தேரிக்காரர் கையில், பனையும் தேரிக்காரர் கையில். இரண்டுக்கும் நடுவே உள்ள வழி மட்டும் இன்னும் சீராகவில்லை. கடை வைத்திருக்கும் தம்பி, ஊரில் காய்ச்சும் நாலு பேரிடம் பருவத்துக்கு முன்பே பேசி, கலப்பில்லாத சரக்கை நியாய விலைக்கு எடுத்தால், மரம் ஏறுகிறவருக்குக் கூலி கட்டுபடியாகும். கட்டுபடியானால்தான் மரம் ஏற ஆள் வருவார், மரமும் நிற்கும்.

தேரியில் என்ன கிடக்கிறது என்ற கேள்விக்கு விடை இதுதான்: மேலே மணலைப் பிடித்து நிற்கும் மரம், கீழே உப்பைத் தடுத்து நிற்கும் தண்ணீர். ஒன்று போனால் மற்றதும் போகும். விற்ற பிறகு வாங்க முடியாத சரக்கு இரண்டும்.

ஆவணி பிறந்தால் பனம்பழம் விழத் தொடங்கும். கொட்டைக்கு விலை கிடையாது, மரத்தடியிலேயே கிடக்கும். அடுத்த முறை செந்தூர் ரயிலில் ஊருக்குப் போகிறவர்கள், திரும்பும் முன் ஒரு சாக்குக் கொட்டையாவது மேற்கு ஓரத்தில் ஊன்றிவிட்டு வரலாம்.